குல்வெனுக்கு இரண்டாவது ஜெர்சி

லான்கெர்வெல்,
ஆகஸ்ட் 29

மருமகன் எலுவானுக்கு, உன் அம்மாவின் அண்ணன் எர்வே எழுதுவது. நான் சௌக்கியம். உன் அம்மா சொலென் சௌக்கியம். காலிஃப்ளவர் நாற்றும் சௌக்கியம். மழைதான் ஏதோ கோபத்தில் கடல் பக்கமே நிற்கிறது, கரைக்கு வரமாட்டேன் என்கிறது. உன் முழங்கால், வயிறு, தூக்கம் எல்லாம் எப்படி என்று ஒவ்வொன்றாக எழுது.

"இந்தக் காலத்துல யாருண்ணே லெட்டர் போடுறா?" என்று உன் அம்மா சிரிக்கிறாள். பதினாலு வயதில் உன்னைக் கால்பந்துப் பயிற்சிப் பள்ளியில் விட்டோம். அங்கே சாயங்காலமானால் பிள்ளைகளின் போனைப் பிடுங்கிப் பெட்டியில் போட்டுப் பூட்டுவார்கள். அன்றைக்குத் தொடங்கிய பழக்கம். போனில் நான் கதை சொன்னால் பாதியில் "சரி மாமா, வெச்சிடுறேன்" என்பாய். காகிதம் அப்படிச் சொல்லாது.

முதல் மேட்சை நொலுவென் பாரில் எல்லோரும் பார்த்தோம். நடுக்களத்தில் நீ பந்தை வாங்கித் திரும்பினால் கண்ணை மூடிக்கொண்டு கிளாஸை நிரப்பலாம், பந்து எங்கும் போகாது. நொலுவென் அவள் போனில் உன் இன்ஸ்டா பக்கத்தைக் காட்டினாள். அதில் நீ ஷூவை முத்தமிடுகிறாய். குல்வென் அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "முத்தம் குடுக்கிறது இருக்கட்டும், லேஸ் கட்டக் கத்துக்கிட்டானான்னு கேளு."

அவர் மாறவே இல்லை. எண்பது வயதிலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் சுண்ணாம்பு வண்டியைத் தள்ளிக்கொண்டு நம் ஊர் மைதானத்துக்குக் கோடு போடுகிறார். இடது பக்கக் கோடு வாய்க்காலைப் பார்த்து வயிறு தள்ளியபடிதான் இருக்கிறது. எதிர் ஊர்க்காரன் சண்டைக்கு வந்தால், "கோடு சரியாத்தான் இருக்கு, உங்க ஊர்ப் பூமிதான் கோணல்" என்கிறார். அவரிடம் பந்து பழகியவன் நீ. அதனால்தான் உன்னை யாராலும் நேராகத் துரத்த முடியவில்லை.

பதில் போடு. மற்றவை உன் கடிதம் கண்டு.
மாமா எர்வே


செப்டம்பர் 21

அன்புள்ள மாமாவுக்கு எலுவானின் வணக்கம். முழங்கால் நலம், வயிறு நலம், தூக்கம் மதியத்திலும் நலம். நீங்களும் அம்மாவும் நலமா? மழை கரைக்கு வந்ததா? இங்கே தெற்கில் கடல் நீலமாக, சூடாக, ஒரு வாசனையும் இல்லாமல் கிடக்கிறது. கடல் மாதிரியே இல்லை.

குல்வென் தாத்தாவிடம் சொல்லுங்கள்: லேஸ் கட்டத் தெரியும். ஷூவை முத்தமிட்டது நான் இல்லை, ரொமேன் முத்தமிட வைத்தான். ரொமேன் என் ஏஜென்ட் அனுப்பிய பையன். தலைமுடியில் அரை டப்பா ஜெல். என் பக்கத்தில் வருகிற படம், வார்த்தை எல்லாம் அவன் வேலை. "நீ ஆடு, நான் உன்னை ஆளாக்குறேன்" என்கிறான். போன வருடம் ஒரு மேட்ச்கூட நான் தவறவிடவில்லை, அல்லவா? அதைப் பிடித்துக்கொண்டு எனக்குக் 'கடிகாரம்' என்று பேர் வைத்துவிட்டான். இப்போது பிள்ளைகள் கையில் கடிகாரப் படம் வரைந்துகொண்டு வருகிறார்கள். ஜுரம் வந்தால்கூடச் சொல்ல முடியாது போல.

சிரிக்க ஒன்று சொல்கிறேன். ஜூலையில் எங்களுக்கு மூளைப் பரிசோதனை வைப்பார்கள். கம்ப்யூட்டரில் வார்த்தைகள் காட்டி, திரும்பச் சொல்லச் சொல்வார்கள். பின்னால் யாருக்காவது தலையில் அடிபட்டால் அதே பரிசோதனையை வைத்து, மதிப்பெண் குறைந்தால் உட்கார வைத்துவிடுவார்கள். அறையில் எனக்குப் பக்கத்துப் பெஞ்சு மூத்த ஆட்டக்காரர் காதில் சொன்னார்: "தம்பி, ஜூலையில முட்டாளா இரு. நவம்பர்ல புத்திசாலியாத் தெரிவே." எல்லோரும் அப்படித்தான் செய்தோம். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "இந்த வருஷம் ரொம்ப சுமாரான கூட்டமாச்சே" என்றார்.

குளிர்காலம் முடிவதற்குள் புது ஒப்பந்தம் என்று பேச்சு. மார்ச்சில் இருபத்தொரு வயதுக்குட்பட்ட பிரான்ஸ் அணிக்குக் கூப்பிடலாம். அம்மாவிடம் இப்போதே சொல்ல வேண்டாம், கனவிலேயே கொடி தைக்க ஆரம்பித்துவிடுவாள்.

உங்கள் எலுவான்


லான்கெர்வெல்,
அக்டோபர் 19

எலுவானுக்கு மாமா எழுதுவது. நாங்கள் இருக்கிறோம். நீயும் நன்றாக இரு.

அம்மா போனில் சொல்லியிருப்பாள். ஆனாலும் ஒழுங்காகச் சொல்வது என் கடமை. குல்வென் அண்ணன் போய்விட்டார். கட்டிலில் இல்லை, ஆஸ்பத்திரியில் இல்லை. ஞாயிறு காலையில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். மூலைக் கொடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. சுண்ணாம்பு வண்டி தானாக உருண்டு வாய்க்காலில் இறங்கியிருந்தது. அதுவரைக்கும் அந்தக் கோடு போயிருந்தது, மருமகனே. மைதானத்தைத் தாண்டி, புல்லைத் தாண்டி, வாய்க்கால் வரைக்கும்.

மேட்சை நிறுத்தலாமா என்று கேட்டார்கள். அவர் மகள் சொன்னாள்: "நிறுத்தினா எழுந்து வந்து திட்டுவாரு. ஆடுங்க." ஆடினோம். வழக்கம்போலத் தோற்றோம்.

உன் ஜெர்சி அடக்கத்துக்கு முந்தின நாள் வந்து சேர்ந்தது. நீ இதைச் செய்வாய் என்று தெரியும். பெட்டியில் அவர் நெஞ்சின்மேல் மடித்து வைத்தோம், எண் மேலே தெரியும்படி. பாதிரியார் கொஞ்சம் முகம் சுளித்தார். பிறகு அவரும் எட்டு என்கிற எண்ணைத் தடவிப் பார்த்தார். மழை கடைசியில் அன்றைக்குத்தான் கரைக்கு வந்தது. சவப்பெட்டியைத் தூக்கின நாங்கள் வழுக்கி, சுவரில் ஒரு பக்கம் இடித்து, கோணலாகத்தான் கொண்டுபோனோம். அவருக்குப் பிடித்திருக்கும்.

பிறகு நொலுவென் பாரில் எல்லோருக்கும் காப்பி, ரொட்டி, வெண்ணெய். சாவு வீட்டுக் காப்பி என்று சொல்ல முடியாது, அவ்வளவு சிரிப்பு.

தைரியமாக இரு. அழுதால் அழுதுவிடு.
மாமா


அக்டோபர் 28

அன்புள்ள மாமாவுக்கு. உடம்பு நலம். மனசுதான் இல்லை.

உங்கள் கடிதத்தைப் பஸ்ஸில் படித்தேன். வாய்க்கால் வரைக்கும் போன கோடு என்ற இடத்தில் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். ரொமேன் அதையும் படம் பிடித்து, 'மேட்சுக்கு முன் அமைதி' என்று போட்டுவிட்டான்.

ஏழு வயதில் நான் அடித்த பந்து வெளியே போய்விட்டது என்று எல்லோரும் கத்தினார்கள். தாத்தா வந்து கோட்டைப் பார்த்தார், பந்தைப் பார்த்தார், சுண்ணாம்பு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்ப் பந்துக்கு வெளியே புதுக் கோடு போட்டார். "இப்ப உள்ள இருக்கு. ஆடுங்கடா" என்றார். மாமா, எனக்காக அப்படிக் கோட்டை நகர்த்த இனி யாரும் இல்லை.

புனிதர் நாளில் எல்லோரும் கல்லறைக்குப் பூ கொண்டுபோகும்போது அவருக்கு என் பேரிலும் ஒரு சாமந்தித் தொட்டி வையுங்கள். மஞ்சள் வேண்டாம், வெள்ளை. சுண்ணாம்பு நிறம்.

எலுவான்


லான்கெர்வெல்,
நவம்பர் 17

எலுவானுக்கு. இங்கே சுகம். அங்கே சுகமா? இந்தத் தடவை சும்மா கேட்கவில்லை, பதில் வேண்டும்.

வெள்ளைச் சாமந்தி வைத்தாகிவிட்டது. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் சனிக்கிழமை மேட்ச் குறுக்கே நிற்கிறது. கார்னரில் அந்த நெட்டைத் தடுப்பாட்டக்காரனும் நீயும் எழும்பினீர்கள். தலையும் தலையும் இடித்த சத்தம் டிவியில் கேட்டது. நீ விழுந்து கிடந்தபோது கை மட்டும் ஒரு மாதிரி விறைத்து மேலே நின்றது. கொஞ்ச நேரத்தில் எழுந்தாய், கட்டைவிரலைக் காட்டினாய், ஆடினாய். ஆனால் எழுந்ததும் முதலில் எந்தப் பக்கம் நடந்தாய் தெரியுமா? எதிராளிகள் பக்கம். "சும்மா வம்புக்குப் போறான்" என்று பாரில் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கொஞ்சம்தான் சிரித்தேன்.

மறுநாள் உன் பக்கத்தில் 'கடிகாரம் நிற்பதில்லை' என்று படம். கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கிறாய். நவம்பரில் உங்கள் ஊரிலும் அவ்வளவு வெயிலா?

நம் மேலத்தெருப் பியெரிக் ஞாபகம் இருக்கிறதா, நீ அப்போது சின்னப் பையன். பன்றி வளர்ப்பான், அவன் பன்றிக்கு ஒரு காது தொங்கும், அதை வைத்தே பக்கத்து ஊர்ச் சந்தையில் அடையாளம் சொல்வார்கள். கொட்டகை உத்தரத்தில் தலையை இடித்துக்கொண்டான். "ஒண்ணுமில்லப்பா" என்று சிரித்தான். அந்த வாரமே ஒரே பன்றியை இரண்டு பேருக்கு விற்றான். இரண்டு பேரும் கயிற்றோடு வந்து நின்றார்கள். இவன் இரண்டு பேரிடமும், "உங்களுக்கு நான் எப்பய்யா வித்தேன்?" என்கிறான். ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. கதையில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அது இப்போது வேண்டாம்.

தலை எப்படி இருக்கிறது?
மாமா


டிசம்பர் 22

மாமாவுக்கு வணக்கம். எல்லோரும் நலமா. நான் நலம்.

பதில் தாமதம். மேட்ச் நிறைய. டாக்டர் பார்த்தார், ஜூலை மதிப்பெண்ணும் இப்போதைய மதிப்பெண்ணும் ஒன்றுதான், கிளம்பு என்றார். கண்ணாடி ரொமேன் ஆசைப்பட்டது. ஏதோ கம்பெனி கொடுத்ததாம்.

கிறிஸ்துமஸுக்கு வரவில்லை. ரயிலில் அந்த விளக்குகள் எல்லாம், அவ்வளவு நேரம். அம்மாவிடம் பயிற்சி என்று சொல்லிவிட்டேன்.

அறையில் திரை போட்டுவிட்டால் இதமாக இருக்கிறது. எழுதினால் வரி ஆடுகிறது, கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்.

குல்வென் தாத்தாவுக்குப் புத்தாண்டுப் பரிசாக ஒரு ஜெர்சி பார்சலில் அனுப்பியிருக்கிறேன். நம் ஊர்க் கிளப் விலாசத்துக்கு. இந்தக் குளிரில் கோடு போடும்போது உள்ளே போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

எலுவான்


லான்கெர்வெல்,
ஜனவரி 8

எலுவான், கண்ணு, எப்படி இருக்கிறாய்? புது வருடம் உனக்கு நல்ல உடம்பைக் கொடுக்கட்டும். மற்றதெல்லாம் அப்புறம்.

ஞாயிற்றுக்கிழமை கிளப் அறையில் ராஜாக்கள் கேக் வெட்டினோம். உள்ளே ஒளித்த பொம்மை யாருக்கு அகப்படுகிறதோ அவன்தானே அன்றைக்கு ராஜா; இந்த முறை அது கசாப்புக்காரன் பல்லில் அகப்பட்டு, பல்லில் பாதி போயிற்று. அட்டைக் கிரீடத்தை வைத்துக்கொண்டு வாயைப் பொத்திக்கொண்டு நின்றான். "ராஜாவுக்குப் பல்லு எதுக்கு, வரி வாங்கினா போதும்" என்று நொலுவென் கிண்டல். அந்த நேரத்தில்தான் முந்தின நாள் வந்த உன் பார்சலைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மேலே பேர்: குல்வென் ஐயாவுக்கு.

"பாருங்கடா, பரலோகத்துக்கே பார்சல் போடுறான் நம்ம பய!" என்று ஒருவன் கத்தினான். சிரித்தார்கள். பிரித்தார்கள். ஜெர்சி கைமாறிக் கைமாறி மேசையைச் சுற்றி வந்தது. "அஞ்சலிக்கு அனுப்பியிருக்கான்" என்றாள் நொலுவென். "ஆமாமா, அஞ்சலிதான்" என்று எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். கண்ணாடிப் பெட்டியில் கோப்பைகளோடு வைக்கலாம் என்றார்கள்.

உள்ளே ஒரு துண்டுக் காகிதம் இருந்தது. 'தாத்தா, கோடு இன்னும் கோணல்தானா? அளவு பெரிசா இருந்தா சொல்லுங்க, மாத்தி அனுப்புறேன்.' அதை யாரும் பார்ப்பதற்குள் என் பையில் போட்டுக்கொண்டேன். ஜெர்சியையும் "நான் பத்திரமா வெச்சுக்குறேன்" என்று வாங்கி வந்துவிட்டேன்.

விளையாட்டுக்கு எழுதினாயா மருமகனே? கல்லறையில் வைக்கத்தானே அனுப்பினாய்? அப்படித்தான் என்றால் ஒரே ஒரு வரி எழுது. 'ஆமாம் மாமா' என்று மட்டும் எழுது. போதும்.

உன் அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை.
மாமா


ஜனவரி 19

அன்புள்ள மாமா,

'ஆமாம் மாமா' என்று எழுதி உறையில் போட்டு ஒட்டினேன். பிறகு கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் வந்ததும் பழைய கடிதங்களைத் தேடினேன். அக்டோபர்க் கடிதம் கிடைத்தது. நின்றபடியே படித்தேன். மாமா, அப்போதுதான் அவர் செத்தார் எனக்கு. தரையில் உட்கார்ந்து அழுதேன். ஒரு தடவை ஏற்கெனவே அழுதிருக்கிறேன் போல. அது எனக்குத் தெரியாது.

காலையில் கார் ஓட்டிப் பாதி வழியில் எங்கே போகிறேன் என்று தெரியாமல் ஓரமாக நிறுத்துகிறேன். மைதான விளக்கு ஊசி மாதிரி குத்துகிறது. கார்னர் அடிக்கும்போது நான் யாரைப் பிடிக்க வேண்டும் என்பதை மணிக்கட்டுப் பட்டைக்கு அடியில் எழுதி வைத்திருக்கிறேன். பந்து வந்தால் மட்டும் கால் தானாகச் செய்கிறது. கால் எதையும் மறக்கவில்லை.

பிப்ரவரிக் கடைசியில் கையெழுத்து. ஐந்து வருட ஒப்பந்தம். அதுவரைக்கும்தான். போட்டதும் ஏதாவது தசைப்பிடிப்பு என்று சொல்லி ஓய்வு எடுத்துக்கொள்கிறேன். இப்போது சொன்னால் ஒப்பந்தமும் இல்லை, பிரான்ஸ் அணியும் இல்லை. தலை கெட்டவன் என்று பேர் விழுந்தால் அது என் பக்கத்திலிருந்து எப்போதும் அழியாது. கால் உடைந்தவனை வாங்குவார்கள், மாமா. இதை வாங்க மாட்டார்கள்.

டிவிக்காரர்கள் நம் ஊருக்கு வருகிறார்கள், என்னைப் பற்றி ஞாயிறு நிகழ்ச்சிக்கு. ரொமேனும் வருவான். சந்தோஷமான கதைகளைச் சொல்லுங்கள். உங்களிடம் இல்லாததா? உங்கள் வாய்க்கு இந்த ஒரு தடவை பூட்டுப் போடுங்கள், உங்கள் காலில் விழுகிறேன்.

எலுவான்


லான்கெர்வெல்,
பிப்ரவரி 8

எலுவானுக்கு. நான் சுகம் என்று இன்றைக்கு எழுத முடியாது. ஞாயிறு நிகழ்ச்சிக்கு முன்னால் இது உன் கையில் கிடைக்க வேண்டும் என்று அவசரமாக எழுதுகிறேன்.

முதலில் நான் என்ன செய்து பார்த்தேன் என்று கேள். நொலுவென் போனிலிருந்து உன் கிளப்புக்கு அடித்தேன். "டாக்டர்கிட்ட பேசணும், எலுவானோட மாமா" என்றேன். அந்தப் பெண் தேன் மாதிரிப் பேசினாள்: "ரொம்ப சந்தோஷம் ஐயா, இன்னைக்கு மட்டும் நீங்க மூணாவது மாமா. விலாசம் சொல்லுங்க, கையெழுத்துப் போட்ட படம் அனுப்புறோம்." படம் வந்தும் விட்டது. சிரிக்கிறாய்.

பிறகு உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் உனக்கு அடித்தாள். நீ முகம் காட்டிப் பேசினாய், சிரித்தாய், அவள் சுட்ட அடையைப் பற்றிக் கேட்டாய். போனை வைத்துவிட்டு என்மேல் பாய்ந்தாள்: "புள்ள பூ மாதிரி இருக்கான். நீ வாயத் தொறந்தா பிணம்தானாண்ணே விழும்?"

வெள்ளிக்கிழமை டிவிக்காரர்கள் வந்தார்கள். ஓரெலி என்று ஒரு பெண், கேமராக்காரன் ஒருவன், உன் ரொமேன். என் சமையலறை மேசையில் உட்கார வைத்தார்கள். ரொமேன் பாடம் சொல்லிக்கொடுத்தான்: கடுமையாக உழைப்பான், கூச்ச சுபாவம், அம்மா என்றால் உயிர்.

"காலிஃப்ளவர் பத்திப் பேசலாமா தம்பி?"

"தாராளமாப் பேசுங்க ஐயா. காய்கறிக்கெல்லாம் லைக் நல்லா விழும்."

பேசினேன். காலிஃப்ளவர், மழை, கசாப்புக்காரன் பல், எல்லாம் பேசினேன். ஓரெலி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள், "அவருக்கு முதல்ல பந்து சொல்லிக்குடுத்தது யாருங்க?"

குல்வென் கதையைச் சொன்னேன். கோடு, வாய்க்கால், பெட்டிக்குள் ஜெர்சி.

அவள் எதிர் நாற்காலியைக் காட்டினாள். "இதுதானா அந்த ஜெர்சி?"

"இல்லம்மா. அது மண்ணுக்குள்ள இருக்கு. இது ரெண்டாவது."

"ரெண்டாவது யாருக்கு?"

"குல்வெனுக்குத்தான்."

"அவருதான் அக்டோபர்லயே..."

"ஆமா. இது வந்தது ஜனவரியில. கோடு போடும்போது குளிருக்குப் போட்டுக்கச் சொல்லி அனுப்பியிருக்கான். நவம்பர்ல தலையில அடிபட்டுது, பாத்திருப்பீங்க. அதுக்கப்புறம் அனுப்பினது."

"நிறுத்துங்க! கேமராவ நிறுத்துங்க!" என்று ரொமேன் குதித்தான். கேமராக்காரன் நிறுத்தவில்லை. ரொமேன் என் கையைப் பிடித்துக்கொண்டான். கெட்ட பையன் இல்லை. "ஐயா, வாய் தவறி வந்துடுச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. வயசாச்சு, உளறிட்டேன்னு சொல்லுங்க. வெட்டிடுவாங்க. அவன் வாழ்க்கை ஐயா!"

நான் சொல்லவில்லை.

ஊரில் எல்லோரும் சொல்லப்போகிறார்கள், எர்வேக்கு எப்போதும் நாக்கு நீளம், உளறிவிட்டான் என்று. நீயும் அப்படி நினைத்து மனசை ஆற்றிக்கொள்ளலாம். வேண்டாம் மருமகனே. அவர்கள் வருவதற்கு முன்னால் அலமாரியைத் திறந்து, அந்த ஜெர்சியை எடுத்து, எண் தெரியும்படி நாற்காலி முதுகில் விரித்து வைத்தவன் நான்தான்.

பியெரிக் கதையில் மீதி இருக்கிறது என்றேன். பன்றியை விற்ற மறுவாரம் அதே உத்தரம் அவன் தலையில் மறுபடி பட்டது. லேசாகத்தான். தொப்பிகூட விழவில்லை என்றாள் அவன் மனைவி. தொப்பியோடுதான் செத்துக் கிடந்தான்.

இனிமேல் என்னைத் திட்டு.
எர்வே


லான்கெர்வெல்,
மார்ச் 23

எலுவானுக்கு. நலமறிய ஆவல். இந்தத் தடவை அது ஒன்றுதான் கடிதம்.

நிகழ்ச்சி வந்த மறுநாள் உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள் என்று அம்மா சொன்னாள். அவள் உன்னிடம் வந்து பதினைந்து நாள் இருந்துவிட்டுத் திரும்பினாள், என் வீட்டு வாசலைத் தாண்டிப் போகிறாள், உள்ளே வரவில்லை. உன் கிளப்பின் பக்கத்தில் 'காலவரையற்ற ஓய்வு' என்று போட்டிருக்கிறதாம். பிரான்ஸ் அணிப் பட்டியலை நொலுவென் படித்தாள். முடியும் வரைக்கும் கேட்டேன்.

பாருக்கு நான் போனால் நாற்காலியைத் தள்ளி இழுத்துப் போடுகிற சத்தம். கசாப்புக்காரன் முகத்துக்கு நேரே கேட்டான்: "ஏன்யா, நம்ம ஊர்ல ஒருத்தன் முன்னுக்கு வந்தது உனக்குப் பொறுக்கலையா?"

தபால்காரி சைக்கிளைத் திருப்பாமலே கையை அசைத்துவிட்டுப் போகிறாள். ஒன்றும் இல்லை என்று அர்த்தம்.

மாமா


மே 14

மாமாவுக்கு.

நான் நலமா என்று எனக்கே கேட்டுத்தான் சொல்ல வேண்டும். பரவாயில்லை என்கிறார்கள். நீங்கள் எப்படி?

இந்தக் கடிதம் பல நாள் எழுதியது. ஒரு நாளைக்குச் சில வரிதான் அனுமதி. போன், டிவி எதுவும் பார்க்கக் கூடாது. அதனால் என் பக்கத்தில் என்னைப் பற்றி என்ன எழுதுகிறார்கள் என்று தெரியாது. ரொமேன் ஒரு தடவை வந்தான், தலையில் ஜெல் இல்லாமல். "உன் கணக்க மூடி வெச்சிருக்கேன்டா" என்றான். நல்லது என்றேன். போகும்போது வாசலில் நின்று அழுதான்.

ஒப்பந்தம் போய்விட்டது. அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. இரண்டு மாதம் இருட்டறையில் படுத்துக்கொண்டு மனசுக்குள் உங்களோடுதான் சண்டை போட்டேன். உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுதிப் பார்த்தேன், அடித்துவிட்டேன். இன்னும் வரவில்லை. வந்தால் எழுதுகிறேன்.

ஆனால் ஒன்று உங்களுக்குத் தெரிய வேண்டும். நிகழ்ச்சிக்கு மறுநாள் கிளப் டாக்டர் அதே கம்ப்யூட்டர் பரிசோதனையை மறுபடி வைத்தார். அதே ஜூலை மதிப்பெண். தப்பித்தேன் என்று நினைத்தேன். எழுந்து கதவு வரைக்கும் வந்துவிட்டேன். பின்னாலிருந்து சும்மா கேட்கிற மாதிரிக் கேட்டார், "ஆமா, இந்தக் குல்வென்ங்கிறது யாரு?"

"எங்க ஊர்ல கோடு போடுற தாத்தா."

"எப்படி இருக்காரு?"

"நல்லா இருக்காரு" என்றேன்.

வாயிலிருந்து வந்த பிறகுதான் டாக்டர் முகத்தைப் பார்த்தேன். அவர் நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தேன். அடுத்த சனிக்கிழமை ஆடியிருக்க வேண்டியவன், மாமா. இன்னொரு அடி, லேசாக விழுந்திருந்தால்கூட என்று சொல்ல ஆரம்பித்தார். பியெரிக்கின் தொப்பி என்றேன். அவருக்குப் புரியவில்லை.

இனி ஆடுவேனா என்பது செப்டம்பரில் தெரியும். ஆடலாம் என்கிறார் ஒருவர், பார்க்கலாம் என்கிறார் ஒருவர்.

சனிக்கிழமை ரயிலில் வருகிறேன். அம்மாவும் நானும் உங்கள் வீட்டுக்கு வருவோம். அவளைச் சம்மதிக்க வைத்துவிட்டேன், ஆனால் முதல் கிளாஸ் காலியாகும் வரைக்கும் அவள் பேச மாட்டாள். ஞாயிறு மேட்சுக்குச் சுண்ணாம்பு கரைத்து வையுங்கள். குனியவும் ஓடவும்தான் கூடாது, வண்டி தள்ளலாம். கோடு கோணலாகத்தான் வரும், தலை இன்னும் கொஞ்சம் சுற்றுகிறது. ஊர்க்காரர்கள் பழகியவர்கள்தானே.

அந்த ஜெர்சி நாற்காலியிலேயே இருக்கட்டும். யாரும் எடுக்க வேண்டாம். கோடு போட்டு முடித்ததும் நானே கொண்டுபோய்க் குல்வென் தாத்தாவிடம் கொடுக்கிறேன்.

பயப்படாதீர்கள் மாமா. அவர் எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியும்.

எலுவான்